கல்லும் கோப்பும்: எல்லைப்புறத்தில் அரிய பேறுகாலச் சிக்கல்களின் வரலாறு

தமிழகத்துக் கிராமச் சாலையோரங்களில், இரண்டு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கிகளை இன்றும் காணலாம். தலைச்சுமையுடன் நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக அமைந்தவை அவை. பாலக்காட்டுக் கணவாய்க்கு மேற்கே இவற்றை அத்தாணி என்றும் சுமடுதாங்கி என்றும் சொல்வர். கருவுற்ற நிலையிலோ பேற்றின்போதோ இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழகத்தில் பரவலாக இருந்த வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளின் உயிர், வழிப்போக்கர் சுமை இறக்கும்போதெல்லாம் ஆறுதல் அடையும் என்பது அதன் பின்னுள்ள நம்பிக்கை. சில கற்களில் இறந்தவளின் பெயரும் கல் நட்டவரின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். பலவற்றில் எழுத்தே இராது.

வரலாற்று நோக்கில் இக்கற்கள் தாய் இறப்பின் தொன்மையான பதிவுகள். ஒரு பெண் பேறு கடக்காமல் மாண்டாள் என்பதை அவை சொல்கின்றன. ஏன் மாண்டாள் என்பதைச் சொல்வதில்லை. 2004-இல் கேரளத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு பதிவுமுறை தொடங்கியது. அதில் இறந்தவளின் பெயர் நீக்கப்படும். மருத்துவமனையின் பெயரும் மருத்துவரின் பெயரும் நீக்கப்படும். இறப்பின் காரணம் மட்டும் எஞ்சும். பெயரைக் காத்துக் காரணத்தை இழந்த கல்லுக்கும், காரணத்தைக் காத்துப் பெயரை இழந்த கோப்புக்கும் இடையில்தான் அரிய பேறுகாலச் சிக்கல்களின் வரலாறு நிகழ்ந்திருக்கிறது. ஒரு சிக்கல் அரிதா அன்றா என்பது நோயின் இயல்பை மட்டும் பொறுத்ததன்று. அதை யார், எங்கிருந்து, எத்தனை பேறுகளை ஒருசேர வைத்து எண்ணுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. எல்லைப்புற ஊர்களின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

*அரிது என்பதன் கணக்கு*

எலப்புள்ளி, பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் புறத்தில், தமிழக எல்லையை நெருங்கி அமைந்த ஊராட்சி. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் நிலம் இது. 1956 நவம்பர் 1-இல் கேரள மாநிலம் அமையும் வரை பாலக்காடு தாலுகா சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அடுத்திருந்த சித்தூர், கொச்சி அரசின் ஆளுகைக்கு உட்பட்டது. இன்றைய இடுக்கியின் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி வாழ்ந்த தமிழ்ப் பெண்களின் பேறுகாலம் மூன்று அரசுகளின் மூன்று மருத்துவ நிர்வாகங்களுக்குள் பிரிந்து கிடந்தது.

இந்த நிர்வாகங்கள் எவையும் வீட்டு வாசலை எட்டாத காலத்தில் பேறு பார்த்தவர்கள் ஊர் மருத்துவச்சிகள். மலையாளத்தில் இவர்களை வயற்றாட்டி என்பர். இவர்களது அறிவைக் குறைத்து மதிப்பிடும் போக்கு காலனிய ஆவணங்களில் மிகுதி. ஆனால் திரும்பத் திரும்ப நிகழ்வதைக் கவனித்துத் திரட்டிய அறிவு அது. பிள்ளை திரும்பியிருப்பது, நஞ்சுக்கொடி தாமதமாவது, வலி நின்றுபோவது போன்றவற்றை ஒரு மருத்துவச்சி தன் வாழ்நாளில் பலமுறை கண்டிருப்பார். அவரால் அறிய முடியாதது, அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட நிகழாதது.

பனிக்குட நீர் தாயின் இரத்த ஓட்டத்தில் கலந்து, சில நிமிடங்களில் மூச்சும் இதயமும் நிலைகுலையும் சிக்கலை எடுத்துக்கொள்ளலாம். இது ஏறத்தாழ 40,000 பேறுகளுக்கு ஒன்று என்ற அளவில் நிகழ்வதாக மதிப்பிடப்படுகிறது. ஆண்டுக்கு 50 பேறு பார்க்கும் ஒரு மருத்துவச்சி சராசரியாக ஒரு முறை இதைச் சந்திக்க 800 ஆண்டுகள் வேண்டும். அண்மை ஆண்டுகளில் கேரளத்தில் நிகழும் பிறப்புகள் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம். அதே விகிதப்படி மாநிலம் முழுவதையும் சேர்த்து எண்ணினால் ஆண்டுக்குப் பத்துப் பெண்கள். ஊரளவில் எண்ணூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் விதி, மாநில அளவில் மாதந்தோறும் நிகழக்கூடிய மருத்துவச் சிக்கலாகிறது. நோய் மாறவில்லை, எண்ணும் பரப்பு மாறியிருக்கிறது.

இந்தச் சிக்கல் மருத்துவ நூல்களில் ஏறிய வரலாறும் இதையே உணர்த்துகிறது. பிரேசிலைச் சேர்ந்த மேயர் 1926-இல் இதை விவரித்தார். ஆயினும் 1941-இல் அமெரிக்காவின் ஸ்டைனரும் லஷ்பாவும் பேற்றின்போது திடீரென இறந்த பல பெண்களின் பிணக்கூறாய்வுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்த பிறகே அது ஒரு தனி நோயாக நிலைபெற்றது. ஒற்றை இறப்பு துயரமாக நின்றுவிடுகிறது. பல இறப்புகளை அருகருகே வைக்கும்போதுதான் அவற்றுக்குப் பொதுவான வடிவம் புலப்படுகிறது.

*ஒரு சொல்லுக்குள் பல நோய்கள்*

எண்ணுவதற்கு முன் பெயரிட வேண்டும். தமிழ் வழக்கில் பேறுகாலக் கேடுகளைக் குறிக்கும் சொற்களுள் மிகப் பரவலானது ஜன்னி. பேற்றுக்குப் பின் வரும் கடுங்காய்ச்சல், அக்காய்ச்சலில் வரும் பிதற்றல், பேற்றின்போது வரும் வலிப்பு ஆகிய மூன்றும் இச்சொல்லுக்குள் அடங்கின. இன்றைய மருத்துவத்தில் முதலாவது கிருமித்தொற்று. மூன்றாவது இரத்த அழுத்த உயர்வோடு தொடர்புடைய சூல்வலிப்பு. இரண்டின் தோற்றமும் வேறு, சிகிச்சையும் வேறு. ஒரே சொல் இரண்டையும் மூடியிருக்கும்வரை எது மிகுதி, எது அரிது என்ற கேள்வியையே எழுப்ப இயலாது.

இதற்கு மாறாக, தமிழில் வியக்கத்தக்க துல்லியத்துடன் அமைந்த சொல்லும் உண்டு. கருவுக்குப் பதிலாக நஞ்சுத் திசு நீர்க்கொப்புளங்களாகத் திரண்டு வளரும் நிலைக்கு முத்துப்பிள்ளை என்று பெயர். கொத்துக் கொத்தான கொப்புளங்களை முத்தாகக் கண்ட பார்வை அச்சொல்லில் இருக்கிறது. கண்ணால் கண்டு வேறுபடுத்த முடிந்த அரிய நிலைக்கு மக்களிடம் தனிப்பெயர் பிறந்திருக்கிறது. உடலுக்குள் மறைந்து நிகழ்ந்தவை ஜன்னி என்ற பொதுப்பெயருக்குள் ஒதுங்கின.

தமிழில் இந்தப் பிரிப்பைச் செய்ய முயன்ற முன்னோடி நூல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, பின்னர் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரது முயற்சியில் 1857-இல் வெளிவந்த 'பிரசவ வைத்தியம்', டப்ளின் நகர மருத்துவர் மான்செலின் மகப்பேற்று நூலின் தமிழாக்கம். மூல நூல் வெளியானது 1834-இல். அதாவது 23 ஆண்டுகளுக்குள் ஐரோப்பிய மகப்பேற்றியல் தமிழில் பாடநூலாகிவிட்டது. இயல்பான பேறு ஒருபுறம், இரத்தப்போக்கு, வலிப்பு, கருப்பைக் கிழிவு போன்ற கேடுகள் மறுபுறம் எனத் தனித்தனியாகப் பகுத்துக் கற்பிப்பது அக்கால மகப்பேற்று நூல்களின் முறை. ஒரு மாணவன் தான் காணாத நோயையும் பெயர் சொல்லி அடையாளம் காண அப்பகுப்பு வழி செய்தது. ஆயினும் இம்மரபு யாழ்ப்பாணத்துக்கு வெளியே பரவவில்லை. கணவாயின் இருபுறமும் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நிலைபெற்றது. அரிய சிக்கல்களின் பெயர்கள் மருத்துவருக்குத் தெரிந்தவையாகவும் நோயாளியின் குடும்பத்துக்குத் தெரியாதவையாகவும் அமைந்ததற்கு இது ஒரு காரணம்.

*எழும்பூர்: அரியவை திரண்ட இடம்*

மலபாரை ஆண்ட சென்னை மாகாணத்தின் மகப்பேற்று அறிவு எழும்பூரில் திரண்டது. 1844-இல் தொடங்கப்பெற்ற அரசு மகப்பேறு மருத்துவமனை இந்தியாவின் தொன்மையான மகப்பேறு மருத்துவமனைகளுள் ஒன்று. வீட்டில் முடியாத பேறுகள் இறுதியில் வந்து சேரும் இடமாக அது வளர்ந்தது. இதனால் ஊரில் அரிதானவை அதன் கூடங்களில் அன்றாட நிகழ்ச்சிகளாயின. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லிப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டதும், 1885-இல் சாதி இந்து, கோஷாப் பெண்களுக்கென விக்டோரியா மருத்துவமனை தோன்றியதும் ஆண் மருத்துவரிடம் வராத பெண்களையும் இந்த எண்ணிக்கைக்குள் கொண்டுவந்தன. இன்று அது திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

எழும்பூரில் பணியாற்றிய ஏ. லட்சுமணசாமி முதலியாரின் மகப்பேற்றியல் பாடநூல் 1938-இல் வெளிவந்தது. பின்னாளில் எம்.கே. கிருஷ்ண மேனனும் இணைந்து அது முதலியார்–மேனன் நூல் என்றே பெயர்பெற்றது. இன்றளவும் பதிப்புகள் காண்கிறது. கடும் இரத்தசோகை, அடைபட்ட பேறு, சூல்வலிப்பு ஆகியவற்றுக்கு இந்திய அனுபவத்தின் இடம் தந்த நூல் அது.

சூல்வலிப்பு இங்குக் குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் இது ஏறத்தாழ 2,000 பேறுகளுக்கு ஒன்று. அங்கு ஒரு மருத்துவர் பல ஆண்டுகளில் ஒன்றிரண்டு நோயாளிகளையே காண்பார். எழும்பூருக்கோ வலிப்புடன் பெண்கள் தொடர்ந்து கொண்டுவரப்பட்டனர். கிருஷ்ண மேனன் குளோர்புரோமசின், புரோமெத்தசின், பெத்திடின் ஆகிய மூன்றும் சேர்ந்த மருந்துக் கலவை முறையை வகுத்து, நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் பெற்ற அனுபவத்தை 1961-இல் பிரிட்டிஷ் மகப்பேற்றியல் இதழில் வெளியிட்டார். அம்முறை இந்திய மருத்துவமனைகளில் பல்லாண்டுகள் கையாளப்பட்டது.

ஆயினும் ஒரு மருத்துவமனையின் அனுபவம், அது எவ்வளவு பெரிதாயினும், ஒரு மருந்து மற்றொன்றினும் மேலானதா என்பதற்கு விடையாகாது. அதற்கு நாடுகளையே சேர்த்து எண்ண வேண்டியிருந்தது. இந்தியா உள்ளிட்ட ஒன்பது நாடுகளில் 1,687 பெண்களிடம் நடந்த கூட்டு ஆய்வு 1995-இல் வெளிவந்தது. மக்னீசியம் சல்ஃபேட் பெற்றவர்களுக்கு வலிப்பு மீண்டும் வருவது, டயசிபாம் பெற்றவர்களைவிட 52 விழுக்காடும், ஃபெனிட்டாயின் பெற்றவர்களைவிட 67 விழுக்காடும் குறைவு என அது காட்டியது. ஒரு பெண்ணின் வலிப்பை நிறுத்தும் மருந்தைத் தேர்ந்தெடுக்க மூன்று கண்டங்களின் பெண்கள் எண்ணப்பட வேண்டியிருந்தது.

*குன்னூரிலும் திருவல்லிக்கேணியிலும் லூசி வில்ஸ்*

எண்ணுவதன் பயனை எல்லைப்புறத்துக்கு அருகே நடந்த மற்றோர் ஆய்வும் காட்டுகிறது. கருவுற்ற பெண்களிடம் இரத்த அணுக்கள் இயல்பினும் பெரிதாகிக் கடும் இரத்தசோகை உண்டாகும் நிலையை ஆராய, ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளர் லூசி வில்ஸ் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். நெசவாலைத் தொழிலாளப் பெண்களிடம் அவர் ஆய்வு தொடங்கியது. 1929-இல் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பணியைத் தொடர்ந்தார். 1931-இன் தொடக்கத்தில் மேலே சொன்ன விக்டோரியா மருத்துவமனையில் பணியாற்றினார்.

அதுவரை இந்நோய் கிருமியாலோ நஞ்சாலோ வருவது எனப் பலர் கருதினர். வில்ஸ் நோயாளிகளின் உணவைக் கணக்கிட்டார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் இரத்தம் தேறியது. அதில் இருந்த இனந்தெரியாத பொருள் வில்ஸ் காரணி எனப்பட்டது. 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃபோலிக் அமிலம்தான் அது எனப் பின்னர் தெளிவாயிற்று. 1970-இல் இந்திய அரசு தொடங்கிய இரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. இன்று எலப்புள்ளியிலோ மூணாறிலோ கருவுற்ற பெண் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெறும் மாத்திரையில் அந்த வரலாறு அடங்கியிருக்கிறது. உயிர்க்கேடான ஒரு மர்ம நோயின் காரணம் வறிய உணவு எனத் தெரிந்தது. அரிய சிக்கல்கள் எல்லாம் விதியால் மட்டும் வருவன அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

*திருவிதாங்கூர்: காக்கும் கத்தியும் அதன் தழும்பும்*

மலைக்குத் தெற்கே, இடுக்கிப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூரில் மகப்பேற்று மருத்துவத்தின் வரலாறு மேரி புன்னன் லூக்கோஸின் பெயரோடு இணைந்தது. 1886-இல் பிறந்த அவருக்குப் பெண் என்ற காரணத்தால் திருவனந்தபுரத்தில் அறிவியல் படிப்பு மறுக்கப்பட்டது. வரலாறு படித்துச் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, பின்னர் இலண்டன் சென்று 1915-இல் மருத்துவரானார். 1745-இல் தோன்றிய டப்ளின் ரொட்டுண்டா மருத்துவமனையில் மகப்பேற்றுப் பயிற்சி பெற்றார். மானிப்பாய்க்கு நூலாக வந்த டப்ளின் மரபு, அரைநூற்றாண்டுக்குப் பின் திருவனந்தபுரத்துக்குப் பயிற்சியாக வந்தது. 1916-இல் நாடு திரும்பித் தைக்காடு பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். மருத்துவச்சிகளின் பெண்களுக்கே பேறு பார்க்கும் பயிற்சி அளித்தார். 1920-இல் கேரளத்தின் முதல் சிசேரியன் அறுவையைச் செய்தவர் அவரே. 1938-இல் திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அலுவலரானார்.

அன்று சிசேரியன் என்பதே அரிய நிகழ்ச்சி. நூறாண்டுகளுக்குப் பின், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கேரளத்தில் 38.9 விழுக்காடு பேறுகளும் தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பேறுகளும் சிசேரியன் வழியே நிகழ்ந்தன. இந்திய சராசரி 21.5. அடைபட்ட பேற்றால் வரும் இறப்பையும் கருப்பைக் கிழிவையும் பெருமளவு தடுத்த அதே அறுவை, மற்றோர் அரிய சிக்கலை மிகுவித்தது.

கருப்பைச் சுவரில் நஞ்சுக்கொடி அழுந்தப் பற்றிப் பிரிய மறுக்கும் நிலையை 1937-இல் பாஸ்டனின் இர்விங், ஹெர்ட்டிக் இருவரும் ஒரு சில நோயாளிகளை வைத்து விவரித்தனர். அப்போது அது மருத்துவ அதிசயம். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, நஞ்சுக்கொடி கீழிறங்கி அமைந்த பெண்களிடம் இந்த ஊடுருவல் முதல் சிசேரியனின்போது 3 விழுக்காடு, இரண்டாவதில் 11 விழுக்காடு, மூன்றாவதில் 40 விழுக்காடு எனக் கண்டது. ஒரு தலைமுறை மருத்துவத்தின் வெற்றி அடுத்த தலைமுறையின் அரிய நோயை உருவாக்குகிறது. ஆகவே அரிய சிக்கல்களின் பட்டியல் நிலையானதன்று. ஒவ்வொரு காலத்து மருத்துவ நடைமுறையும் தன் பட்டியலைத் தானே எழுதுகிறது.

*2004: பெயர் நீக்கிய கோப்பு*

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேரளத்தின் நிலை விந்தையானது. ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனையில் நிகழ்ந்தன. ஆயினும் 2001–03 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 110 தாய்மார்கள் இறந்தனர். இந்தியாவின் 301-ஐயும் தமிழ்நாட்டின் 134-ஐயும்விட இது குறைவு. ஆனால் மருத்துவமனையை அடைந்த பின்னும் ஏன் இறக்கிறார்கள் என்ற கேள்விக்கு இந்த எண் விடை தரவில்லை.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1952 முதல் தாய் இறப்புகள் இரகசிய முறையில் ஆராயப்பட்டு வந்தன. அதை முன்மாதிரியாகக் கொண்டு, கேரள மகப்பேறு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு மாநில அரசின் இசைவோடு 2004-இல் தாய் இறப்புகளின் இரகசிய மீளாய்வைத் தொடங்கியது. இதை முன்னின்று நடத்தியவர்களுள் திருச்சூரைச் சேர்ந்த மருத்துவர் வி.பி. பைலி முதன்மையானவர். இறப்பு நிகழ்ந்த மருத்துவமனை, அடையாளங்களை நீக்கிய மருத்துவக் குறிப்புகளை அனுப்பும். மதிப்பீட்டாளர்கள் எவர் தவறு என்று கேளாமல், எந்த இடத்தில் வேறொன்றைச் செய்திருந்தால் உயிர் தங்கியிருக்கும் என்று கேட்பர். தண்டனைக்கு அஞ்சி உண்மை மறைக்கப்படுவதைத் தவிர்ப்பதே இம்முறையின் அடிப்படை. 'தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் அதன் அறிக்கைகள் வெளிவந்தன.

பேற்றுக்குப் பின்னான இரத்தப்போக்கும் இரத்த அழுத்த நோய்களும் முன்னிலையில் இருந்தன. அவற்றுக்கு அடுத்து, ஊரளவில் எவரும் எண்ணியிராத பனிக்குட நீர்க் கலப்பும் இதய நோய்களும் நுரையீரல் இரத்த உறைவும் பட்டியலில் தெரிந்தன. பொதுவான காரணங்கள் குறையக் குறைய, அரியவற்றின் பங்கு கூடித் தெரிவது எண்கணித இயல்பு. இம்மீளாய்வின் பயன் நூலகத்தில் நிற்கவில்லை. பிரிட்டனின் நைஸ் நிறுவனத்தின் துணையோடு இரத்தப்போக்குக்கும் இரத்த அழுத்த நோய்க்கும் தர அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. கருப்பைத் தமனிகளைப் பிறப்புவழியாகவே தற்காலிகமாக இறுக்கும் கவ்வியையும், நஞ்சுக்கொடி ஊடுருவல் அறுவையின்போது பெருந்தமனியைச் சிறிது நேரம் அழுத்தி வைக்கும் கவ்வியையும் பைலி வடிவமைத்தார். இரத்தம் வந்து சேரும்வரை, அல்லது அறுவை முடியும்வரை, நேரத்தை ஈட்டித் தரும் கருவிகள் இவை. இறந்தவர்களின் கோப்புகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த குறை நேரமின்மையே என்பதை எண்ணும்போது, இக்கருவிகளின் பொருள் விளங்கும்.

2018–20-இல் கேரளத்தின் தாய் இறப்பு விகிதம் 19 ஆகக் குறைந்தது. அப்போது தமிழ்நாடு 54, இந்தியா 97. இந்த வீழ்ச்சிக்குப் பெண்கல்வி, குறைந்த குழந்தைப் பேறு, சாலை, இரத்த வங்கி எனப் பல காரணங்கள் உண்டு. மீளாய்வு மட்டுமே காரணம் என்பது மிகை. ஆனால் எஞ்சிய இறப்புகளை எங்கே தேட வேண்டும் என்பதை அதுவே காட்டியது.

பிரிட்டன் 2005-இல் அரிய பேறுகாலச் சிக்கல்களுக்கென்றே நாடு தழுவிய கண்காணிப்பு முறையை ஏற்படுத்தியது. அதைப் பின்பற்றி இந்தியாவில் அசாமிலும் அத்தகைய முயற்சி தொடங்கியது. இறந்தவர்களோடு பிழைத்தவர்களையும் எண்ணுவது இம்முறையின் சிறப்பு. ஒரே சிக்கலில் ஒருத்தி இறந்து மற்றொருத்தி பிழைத்தது எதனால் என்பதை இறப்புக் கோப்பு மட்டும் சொல்லிவிடாது.

*எல்லை எழுப்பும் கேள்விகள்*

சராசரி எண்ணுக்குள் மறையும் நிலங்களும் உண்டு. எலப்புள்ளி அமைந்த அதே பாலக்காடு மாவட்டத்தில்தான் அட்டப்பாடி இருக்கிறது. 2013-இல் அங்குப் பழங்குடிக் குழந்தைகளின் இறப்புகள் நாட்டின் கவனத்தை ஈர்த்தன. அட்டப்பாடிப் பழங்குடிகளிடம் காணப்படும் அரிவாளணு இரத்தசோகை, கருவுற்ற காலத்தில் வலி நெருக்கடியையும் நுரையீரல் பாதிப்பையும் இரத்த அழுத்த உயர்வையும் கொண்டுவரக்கூடியது. மாநிலக் கணக்கில் இது அரிய சிக்கல். அட்டப்பாடியின் ஊர்க் கணக்கில் அரிதன்று. இடுக்கியில் 2010-இல் அமைந்த, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலக்குடியில் நோயின் பெயரைவிட மருத்துவமனைக்கான தொலைவே முதற்கேள்வி. எண்ணும் பரப்பை விரித்தால் அரியது தெரியும் என்பது உண்மை. விரிந்த பரப்பில் சிறு சமூகங்களின் அன்றாடக் கேடு மறைந்துபோகும் என்பதும் உண்மை. இரண்டு அளவுகோல்களும் ஒருசேர வேண்டும்.

மாநில எல்லை மற்றொரு சிக்கலைச் சேர்க்கிறது. பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் சுமார் 50 கிலோமீட்டர். எல்லைப்புறக் குடும்பம் நெருக்கடியில் திருச்சூருக்கும் செல்லலாம், கோயம்புத்தூருக்கும் செல்லலாம். தமிழ்நாட்டில் 2004 முதல் ஒவ்வொரு தாய் இறப்பையும் தணிக்கை செய்வது கட்டாயமாக்கப்பட்டது. 2010-இல் இந்திய அரசு வகுத்த தாய் இறப்பு ஆய்வு நெறிமுறைகளின்படி, மாவட்ட ஆட்சியரின் ஆய்வில் இறந்தவரின் உறவினர்களும் பங்கேற்பர். கேரளத்து இரகசிய மீளாய்வில் குடும்பத்துக்கு இடமில்லை. அதனாலேயே மருத்துவர் அச்சமின்றிப் பேச முடிகிறது. ஆட்சியரின் ஆய்வில் குடும்பம் பேச முடிகிறது. வண்டி கிடைக்காத இரவையும், ஒரு மருத்துவமனை மற்றொன்றுக்கு அனுப்பிய அலைச்சலையும் குடும்பமே அறியும். ஆனால் ஆட்சியர் முன் மருத்துவரின் நா தயங்கும். ஒவ்வொரு முறையும் மற்றது இழப்பதைக் காக்கிறது. எல்லையின் ஒருபுறம் புறப்பட்டு மறுபுறம் முடியும் ஒரு பெண்ணின் கதை, இரு மாநிலக் கோப்புகளும் ஒன்றையொன்று பாராதவரை பாதியாகவே எழுதப்படும்.

மருத்துவ வரலாற்று மாணவர்களுக்கு இதில் ஒரு பணி காத்திருக்கிறது. சுமைதாங்கிக் கற்களை நாட்டாரியலும், மகப்பேறு மருத்துவமனைப் பதிவேடுகளை மருத்துவ வரலாறும், மீளாய்வு அறிக்கைகளைப் பொது சுகாதாரமும் தனித்தனியே பயில்கின்றன. மூன்றும் ஒரே நிகழ்ச்சியின் ஆவணங்கள். கல்லை நட்ட குடும்பம், இந்தப் பெண் மறக்கப்படக் கூடாது என்று எண்ணியது. கோப்பை எழுதும் மருத்துவர், இந்த இறப்பு மீண்டும் நிகழக் கூடாது என்று எண்ணுகிறார். கணவாயின் இருபுறமும் எஞ்சியுள்ள கற்களைப் பெயர், ஆண்டு, இடத்துடன் பதிவு செய்வதும், இரு மாநில இறப்பு ஆய்வுகளை எல்லை மாவட்டங்கள் அளவில் ஒப்பிட்டுப் படிப்பதும் ஒரே ஆய்வுத் திட்டத்தின் இரு பகுதிகளாக அமைய முடியும். சாலை விரிவாக்கத்தில் கற்கள் பெயர்க்கப்படுகின்றன. அவற்றைப் பதிவு செய்வதற்குரிய காலம் நீண்டதன்று.